ஹொஸ்டலுக்க அடைபட்டிருக்கிற ஆக்கள் ஒன்லைன்ல ஒக்சிமீட்டர் வாங்கமுதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

கை நடுங்க நடுங்கத்தான் டைப் பண்றன், எழுத்துப்பிழை இருந்தா பாக்காதேங்கோ. 23,000 ரூபா, விரல்ல மாட்டி ரத்தத்தில ஒட்சிசன் பாக்கிற அந்த மெஷினுக்கு. ஐஞ்சு பெட்டையள் சேர்ந்து போட்ட காசு. கெம்பஸ் பிள்ளையளுக்குக் குடுக்கிற மஹாபொல உதவிப்பணம் இந்த 2021 இல மாசம் 5000 எண்டு வையுங்கோ, நாலரை மாசக் காசு, ஒரு மெசேஜோட போச்சு. நடந்ததைச் சொல்லிட்டு, எப்பிடித் தப்பலாம் எண்டும் கடைசியில விவரமா எழுதுறன்.

நாங்கள் ஃபைனல் இயர், கொழும்பில ஒரு கெம்பஸ் ஹொஸ்டல். 2021 ஆகஸ்ட் 20 இரவு 10 மணிக்குக் கொரோனா ஊரடங்கு போட்டாங்கள், 22ஆம் திகதி எங்கட ஃப்ளோர்ல ஒராளுக்குக் கொரோனா அன்டிஜன் டெஸ்ட் பொசிட்டிவ், ரெண்டு நாளில ஐஞ்சு பேருக்கும் வந்திட்டுது. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எழுதிக்கொண்டு போனார், ஃப்ளோரைப் பூட்டியாச்சு, சோத்துப் பார்சலைப் படியில வைச்சிட்டுத் தட்டிப்போட்டு ஓடுவினம். கேத்தில்ல கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுக்கொண்டு கிடந்தம். எங்கள்ல ஒருத்திக்குச் சின்னனிலயே வீசிங். ஃபோன்ல கதைச்ச டொக்டர் முதல் கேட்டதே "சாச்சுரேஷன் எவ்வளவு?" எண்டுதான், ரத்தத்தில ஒட்சிசன் எத்தினை வீதம் எண்டு. மூச்சு முட்டாமலே ஒட்சிசன் இறங்குமாம், 94க்குக் கீழ போனா உடன சொல்லோணுமாம். எங்களிட்ட எங்க மெஷின்? பக்கத்து ஃபாமசி எல்லாத்துக்கும் அடிச்சம், ஒண்டிலயும் ஸ்டொக் இல்லை.

அப்பதான் பேஸ்புக்ல ஒரு பேஜ். மெடிக்கல் சாமான் விக்கிறதாம், "என்எம்ஆர்ஏ அப்ரூவ்ட்" எண்டு, அதுதான் மருந்து, மெடிக்கல் சாமானுக்கு அனுமதி குடுக்கிற அரசாங்க அதிகாரசபை, பெரிசாப் போட்டிருந்தது. வட்ஸ்அப்ல கதைச்சவர் நல்ல யாழ்ப்பாணத் தமிழ். "தங்கச்சி, நானும் ஹொஸ்டல்ல இருந்து படிச்சனான், உங்கட கஷ்டம் எனக்குத் தெரியும், அந்த வீசிங் பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ, ஆவி பிடிக்கச் சொல்லுங்கோ" எண்டார். அதிலதான் விழுந்தம். வீட்டு ஆக்கள் மாதிரிக் கதைச்ச ஒராளிட்ட எப்பிடி பில் கேக்கிறது? எக்கவுண்ட்ல வேற பேர் இருந்தது, "அது மச்சான்ட" எண்டார், அதையும் நம்பினம். மூண்டு றூமுக்கு மூண்டு, ஒண்டு 7,500, கூரியர் 500. 25ஆம் திகதி 23,000த்தையும் ட்ரான்ஸ்ஃபர் பண்ணி ஸ்கிரீன்ஷொட் அனுப்பினனான். அனுப்பினது நான்தான், அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

"நாளைக்கு" எண்டு சொல்லிச் சொல்லி 30ஆம் திகதிதான் பார்சல் வந்தது. போட்டுப் பாத்தம், எல்லாருக்கும் 98. எவ்வளவு சந்தோசம் தெரியுமா, வீட்டுக்கும் போட்டோ அனுப்பினம். செப்டெம்பர் 1 இரவு அந்த வீசிங் இருக்கிறவள் ஒரு மாதிரிக் கதைக்கிறாள், வசனம் முடிக்க ஏலாம நிப்பாட்டி நிப்பாட்டி. மெஷின் 98 எண்டுது. எனக்கு என்னவோ பிடிக்கேல்ல, பிரஷ் கம்பை அதுக்குள்ள வைச்சுப் பாத்தன். பல்லு மினுக்கிற பிரஷ்! அதுக்கும் 98, நாடித்துடிப்பு 76. சிவப்பு வெளிச்சத்தை விரலுக்கால விட்டு ரத்தத்தைப் பாத்துச் சொல்லவேண்டிய சாமான், பிளாஸ்டிக்குக்கு நாடி பாக்குது. மெடிசின் செய்யிற அக்கா ஒராள் தன்ட மெஷினைப் படியில வைச்சிட்டுப் போனா. அதில 91. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ்ல ஏத்தினம். இப்ப பரவாயில்லை, வீட்டுக்கு வந்திட்டாள், கடவுளே எண்டு.

இனி மெஷின் வித்த அந்தாளின்ட கதையைக் கேளுங்கோ. முதல் "கை குளிரா இருந்திருக்கும்" எண்டார். பேந்து "நெயில் பொலிஷ் பூசியிருக்கிறீங்களோ?" பிரஷுக்கு நெயில் பொலிஷோ எண்டு கேட்டு வீடியோ அனுப்பினன். ரெண்டு நாள் ப்ளூ டிக் மட்டும். பிறகு "மெடிக்கல் சாமான் பெட்டி உடைச்சா ரிட்டர்ன் இல்லை". நான் கத்தின பிறகு "சரி, 6ஆம் திகதி ஊரடங்கு எடுத்தவுடன காசு போடுறன்". ஊரடங்கை 13க்கு நீட்டினாங்கள், அவரும் 13 எண்டார். நேற்று 21 எண்டு அறிவிக்க, நான் நியூஸ் பாக்கமுதல் அவர்ட மெசேஜ் வந்திட்டுது, "21 தங்கச்சி". ஒன்லைன் ட்ரான்ஸ்ஃபருக்கு என்ன ஊரடங்கு? காசு வாங்கேக்க அஞ்சு நிமிசம்தானே எடுத்தது! தங்கச்சியாம் தங்கச்சி.

விவரமா எழுதுறன் எண்டனான், தலை இடிக்குது, கெதியாச் சொல்றன். காசை முன்னுக்கு அனுப்பாதேங்கோ. எக்கவுண்ட் பேர் வேறயா இருந்தா விட்டிடுங்கோ. என்எம்ஆர்ஏ எண்டா பதிவு நம்பரைக் கேளுங்கோ. மெஷின் வந்தவுடன விரலுக்கு முதல் ஒரு பேனையை வைச்சுப் பாருங்கோ, நம்பர் காட்டினா அதை நம்பாதேங்கோ. நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977, நாங்கள் எழுத்தில குடுக்கப் போறம், வட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் அழிக்காம வைச்சிருக்கு.

பேஜ்ட பேரை இன்பொக்ஸ்லயும் கேக்காதேங்கோ, கொம்ப்ளெயின் குடுக்கும்வரைக்கும் போடவேண்டாம் எண்டு அப்பா சொல்லிட்டார். இண்டைக்குக் காலமை அதே பேஜில புது போஸ்ட், அதே மெஷின், விலை 6,900. கீழ ஒரு பிள்ளை கேட்டிருக்கு, "அண்ணா, ஹொஸ்டலுக்கு டெலிவரி இருக்கா?" எண்டு. நான் போட்ட கொமென்டை அஞ்சு நிமிசத்தில அழிச்சு என்னை ப்ளொக் பண்ணிட்டாங்கள்.