காட்பாடியில் இரண்டு நாள் வாலிபர் முகாம்: பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பனின் மதிப்பீடு

மே மாத விடுமுறையில் காட்பாடிப் பகுதியிலுள்ள ஒரு சபை, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நடத்திய வாலிபர் முகாமுக்கு என் மகனை அனுப்பினேன். பந்தி பரிமாற ஆள் வேண்டும் என்று கேட்டதால் நானும் இரண்டு நாளும் அங்கேயே தங்கி, பெரும்பாலான வகுப்புகளைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டேன். நண்பர்கள் தரும் அழுத்தத்தை வேதாகமத்தின் துணைகொண்டு எதிர்கொள்வது எப்படி என்பதே முகாமின் பொருள். உணவு, தங்குமிடம், பயிற்சி நூல் அனைத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 500 ரூபாய்.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலூர் வெயிலுக்கு ஆண்பிள்ளைகள் படுத்த கூடத்தின் மின்விசிறிகள் போதவில்லை. சாப்பாட்டில் குறையில்லை; இரண்டாம் நாள் மதியம் போட்ட சீரகச்சம்பா பிரியாணிக்கு ஆம்பூர்க்காரர்களே மறுசோறு கேட்டார்கள்.

முகாமின் சிறந்த பகுதி, முதல் நாள் காலையில், சாலொமோனுக்குப் பின் இஸ்ரவேலை ஆள வந்த அவர் மகன் ரெகொபெயாமைப் பற்றி நடந்த வகுப்பு. வரிச்சுமையையும் வேலைச்சுமையையும் குறைக்கும்படி சீகேமில் கூடிய ஜனங்கள் கேட்டபோது, முதியோர் சொன்ன ஆலோசனையைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்த தோழர்களின் பேச்சைக் கேட்டு, சவுக்குக்குப் பதிலாகத் தேள்களால் தண்டிப்பேன் என்று பதிலளித்துப் பத்துக் கோத்திரங்களை இழந்த அரசனின் கதை அது. வழக்கமாக இதை 'பெரியவர்கள் பேச்சைக் கேள்' என்ற அறிவுரையோடு முடித்துவிடுவார்கள். இந்த ஆசிரியரோ, அரசனானபோது ரெகொபெயாமுக்கு வயது 41 என்று 1 இராஜாக்கள் 14ஆம் அதிகாரத்தைப் புரட்டிக் காட்டி, அவனோடு வளர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருந்திருக்க வேண்டும் என்றார். கூட்டாளிகள் முன்னால் இளைத்துவிடக்கூடாது என்ற எண்ணம் பதினாறு வயதோடு போய்விடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்களோ இல்லையோ, பரிமாறும் கரண்டியோடு நின்ற நாங்கள் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

1 கொரிந்தியர் 15:33ஐ அவர் விளக்கிய விதமும் குறிப்பிடத்தக்கது. கிரேக்க நாடகாசிரியர் மெனாந்தருடையதாகக் கருதப்படும் அந்த வரியைக் கெட்ட சேர்க்கைக்கு எதிரான வசனமாகவே நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்' என்கிறது; மூலச்சொல் சேர்க்கை, உரையாடல் இரண்டையும் குறிக்கக்கூடியது. நேரில் சந்தித்தே இராதவர்களோடு வாட்ஸ்அப் குழுவில் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

பயிற்சி நூலைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள் போலும். நடன விருந்துக்குத் துணை தேடும் மாணவனைப் பற்றிக் குடியாத்தத்திலிருந்து வந்த பிள்ளை என்ன எழுதும்? வாயில் அதக்கும் புகையிலைப் பொட்டலத்தைப் பற்றியோ, எந்தச் சாதி என்று காட்டும் கைக்கயிற்றைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு விலகியதையும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததையும் சொல்லும் கலாத்தியர் 2ஆம் அதிகாரம் இருக்கும்போது கயிற்றைப் பற்றிப் பேசாமல் விட்டது பெரிய குறை. அந்தப் பகுதியைத் தொட்டால் பெற்றோர்களும் நெளிய வேண்டியிருக்கும் என்பது காரணமாக இருக்கலாம்.

என் முக்கியமான மனத்தாங்கல் கடைசி இரவைப் பற்றியது. பாபிலோனின் தூரா சமபூமியில் அரசன் நேபுகாத்நேச்சார் நிறுத்திய அறுபது முழ உயரத்துச் சிலையின் முன் நாகசுரம், கின்னரம், வீணை முதலான வாத்தியங்கள் முழங்கியதும் கூட்டம் முழுவதும் தாழ விழுந்தபோது, விழாமல் நின்ற மூன்று பேரைப் பற்றிய செய்தி உருக்கமாக இருந்தது. அது முடிந்ததும் விளக்குகளைக் குறைத்துவிட்டு, கீபோர்டை மெல்ல வாசிக்கவைத்து, தீர்மானம் எடுப்பவர்கள் எல்லாரும் எழுந்து நிற்கலாம் என்றார்கள். முதலில் முன்வரிசை எழுந்தது, பிறகு நடுவரிசை, பாட்டின் மூன்றாம் சரணத்துக்குள் ஏறக்குறைய எழுபது பேரும் எழுந்து, தீர்மான அட்டையில் கையொப்பமும் இட்டார்கள். பேருந்தில் திரும்பும்போது என் மகனிடம் என்ன தீர்மானம் எடுத்தாய் என்று கேட்டேன். "எல்லாரும் எழுந்து நின்னாங்கப்பா, நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருக்கிறது?" என்றான். பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை மட்டும் கடைசிவரை உட்கார்ந்தே இருந்தாள். இரண்டு தன்னார்வலர்கள் அவளருகில் போய்க் குனிந்து பேசியபிறகும் அவள் எழவில்லை. அந்த வகுப்பைச் சரியாகக் கேட்டவள் அவளாகவே இருக்கக்கூடும்.

இதை ஒருங்கிணைப்பாளரிடம் மறுநாள் தொலைபேசியில் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் கேட்டு, அடுத்த முறை அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று ஆலோசிப்பதாகச் சொன்னார். கொடுத்த பணத்துக்கு ரெகொபெயாம் வகுப்பு ஒன்றே போதும் என்பதால் அடுத்த ஆண்டு இளையவளையும் அனுப்பும் எண்ணத்தில் இருக்கிறேன். ஆண்பிள்ளைகளை அனுப்புவோர் மேசை மின்விசிறி ஒன்றைக் கொடுத்தனுப்புவது நல்லது.