ஜெர்மனியில் தபால் பெட்டியோடு குடித்தனம்: பல வருட அனுபவம்

ஜெர்மனிக்கு வேலை கிடைத்து வரப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வாடகை, குளிர், பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, தபால் பெட்டியைப் பற்றியும் கட்டாயம் சொல்வேன். ஸ்டுட்கார்ட்டில் குடும்பத்தோடு பல வருடமாக இருக்கிறேன். இந்த நாட்டில் அரசாங்கம், வங்கி, காப்பீடு, வீட்டுக்காரர் என்று எல்லோரும் நம்மைத் தேடி வருவது அந்தத் தகரப் பெட்டிக்குத்தான். அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால் பாதிக் கவலை குறையும்.

முதலில் பெயர். இங்கே முகவரியில் தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர் அவ்வளவுதான் இருக்கும். நம் ஊரில் எழுதுவது போல மூன்றாவது மாடி, 3-பி என்றெல்லாம் பொதுவாக எழுதுவதில்லை. ஒரே கட்டடத்தில் எத்தனை குடும்பம் இருந்தாலும், பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுகிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் என் குடும்பப்பெயர் இடத்தில் இருப்பது அப்பா பெயர். மனைவிக்கு அவருடைய அப்பா பெயர். குழந்தைக்கு என் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர்! ஜெர்மன் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரின் பெயரை மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். மூன்று பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். மனைவியின் காப்பீட்டு அட்டை வந்து சேராமல் திரும்பிப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். நண்பர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கினால், முகவரியில் உங்கள் பெயருக்குக் கீழே 'சி/ஓ' போட்டு நண்பரின் பெயரை எழுத வேண்டும்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் ஆன்மெல்டுங். நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இதற்குத் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிந்த பிறகு கடிதங்கள் வர ஆரம்பிக்கும். 11 இலக்க வரி எண் தபாலில்தான் வரும். அது கையில் இல்லாவிட்டால் நிறுவனம் உங்களை ஆறாம் வரி வகுப்பில் போட்டு, சம்பளத்தில் வரியை அதிகமாகப் பிடித்துவிடலாம். பிற்பாடு சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முன்பணம், சாமான் என்று செலவாகும் முதல் மாதத்தில் அது வலிக்கும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில், பின் எண் வேறொரு கடிதத்தில் வரும். வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் எல்ஸ்டர் இணையதளத்தில் பதிவு செய்தால்கூட, அதைத் திறக்கும் குறியீடு தபாலில் வந்து சேர வேண்டும். அதனால் வீடு மாறும் நேரத்தில் எதையும் புதிதாக விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது.

அப்புறம், பொதுத்துறை டிவி, வானொலிக்கு எல்லா வீடும் கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணக் கடிதம். புதிதாக வந்தவர்களில் நிறையப் பேர் இதை மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறார்கள். இது உண்மையானது. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நபருக்கு அல்ல, வீட்டுக்கு. பகிர்ந்து தங்குகிறவர்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவரின் கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால் போதும். பதிலே போடாமல் இருந்தால் பாக்கியும் அபராதமும் ஏறிக்கொண்டே போகும்.

நான் உண்மையில் வலியுறுத்த விரும்புவது கெடுவைப் பற்றி. இங்கே கடிதத்தை நீங்கள் படித்தீர்களா என்பது கணக்கில்லை, பெட்டிக்கு வந்ததா என்பதுதான் கணக்கு. வரி அலுவலகத்தின் முடிவுக் கடிதம் சாதாரணத் தபாலில் வந்தால், அனுப்பிய நாலாம் நாள் உங்களுக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்வார்கள் (2025 ஜனவரிக்கு முன்னால் இது மூன்று நாள்). அங்கிருந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம். மஞ்சள் உறை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். கோர்ட், அபராத அலுவலகம் போன்றவை அனுப்புவது அது. தபால்காரர் பெட்டியில் போட்ட தேதியை உறை மேலேயே எழுதுவார், கெடு அன்றிலிருந்து ஓடும். வண்டியை வேகமாக ஓட்டியதற்கு வரும் அபராதத்துக்கு ஆட்சேபம் சொல்ல இரண்டே வாரம்தான். அதனால் கடிதத்தோடு உறையையும் பத்திரமாக வையுங்கள்.

ஜெர்மன் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். கைபேசி கேமராவை வைத்தால் மொழிபெயர்ப்பு ஓரளவு வந்துவிடும். ஆனால் மானுங், ஃப்ரிஸ்ட், பெஷைட் ஆகிய மூன்று சொற்களை மட்டும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். முறையே நினைவூட்டல், கெடு, அரசு முடிவு என்று பொருள். இவற்றில் ஒன்று இருந்தால் அந்தக் கடிதம் அன்றைக்கே படிக்க வேண்டியது. எங்கள் வீட்டில் இரண்டு துளை போட்டு மாட்டும் பெரிய கோப்புகள் வரிசையாக இருக்கின்றன: வரி, காப்பீடு, வீடு, விசா. வந்த தேதியைப் பென்சிலால் மூலையில் குறித்துக் கோத்துவிடுவோம். விசா நீட்டிப்பு சமயத்தில் அதிகாரி கேட்ட தாளை உடனே எடுத்துக் கொடுக்க முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

நாம் அனுப்பும் கடிதங்களுக்கும் இதே கண்டிப்பு உண்டு. வீட்டைக் காலி செய்ய மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ செல்லாது. காகிதத்தில் கையெழுத்துப் போட்ட கடிதம், மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று மாத அவகாசம் அதிலிருந்துதான் கணக்கு. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி ஒப்பந்தம் இப்போது எளிது. குறைந்தபட்சக் காலம் முடிந்தபின் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். இணையதளத்திலேயே விலகும் பொத்தான் வைக்க வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு சாதாரணக் கடிதத்துக்கு 95 சென்ட் தபால் தலை. கேள்வி ஒரு கடிதம், பதில் ஒரு கடிதம் என்று வாரங்கள் ஓடும். மொழியும் தெரியாமல் துணையும் இல்லாமல் வருகிறவர்களுக்கு இது பெரிய மன அழுத்தம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு இந்த முறை பிடித்துவிட்டது. வீட்டைச் சூடாக்கும் செலவுக் கணக்கில் தவறு என்று எனக்குப் பட்டபோது ஆட்சேபத்தைக் கடிதமாக எழுதினேன். யாரையும் தெரியாத எனக்கும் எழுத்தில், காரணத்தோடு பதில் வந்தது, கணக்கும் திருத்தப்பட்டது. வெளிநாட்டுக்காரன் என்ற தயக்கத்தில் வாயடைத்து நின்றவனுக்கு அந்தக் காகிதம் பெரிய பலம்.

கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்களா? பெட்டிச் சாவியை நம்பகமான அண்டை வீட்டாரிடம் கொடுத்து, அரசாங்கக் கடிதமும் மஞ்சள் உறையும் வந்தால் மட்டும் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படிக் கேட்க ஆள் இல்லாவிட்டால், தபால் நிறுவனமே கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதங்களைச் சேர்த்து வைத்துத் தரும். வீடு மாறினால் பழைய முகவரிக்கு வருவதைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் சேவையையும் சாவி கைமாறும் முன்பே பதிந்துவிடுங்கள். புது வீட்டுப் பெட்டியில் எல்லோர் பெயரும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சாமான் வண்டியைக் கூப்பிடுங்கள்.