கோபால்ட்டா, இரும்பா? மின்கார் பேட்டரியில் எந்தப் பக்கம் சாய்வது

மின்கார் பேட்டரிகளில் இன்று நேருக்கு நேர் நிற்பவை இரண்டு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் கலந்தது என்எம்சி. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டது எல்எஃப்பி. லித்தியம் இரண்டுக்குமே வேண்டும்.

எடைக்கு எடை பார்த்தால் என்எம்சியே கூடுதல் மின்சாரம் பிடிக்கும். நெடுந்தூரம் ஓடும் கார்களுக்கும் கடுங்குளிர் நாடுகளுக்கும் அதுதான் தோது. ஆனால் அதற்கான உலோகங்கள் ஓரிரு நாடுகளின் கையில் இருக்கின்றன. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. விலை சரிந்ததால் 2025 பிப்ரவரியில் அந்நாடு ஏற்றுமதியையே நிறுத்தியது; அக்டோபரில் மீண்டும் திறந்தபோது ஒதுக்கீட்டு அளவு வைத்தே திறந்தது. அங்குள்ள கொல்வேசி சுரங்கப் பகுதியில் கையால் தோண்டுபவர்கள் பாதுகாப்பு ஏதுமின்றிக் குழிக்குள் இறங்குகிறார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு இந்தப் பேட்டரியை மனம் நிறைந்து பாராட்ட என்னால் முடியவில்லை. நிக்கலில் பாதிக்கு மேல் தருவது இந்தோனேசியா. 2020 முதல் கச்சாத் தாது ஏற்றுமதிக்கு அங்கே தடை. அந்நாட்டின் சுலவேசி தீவிலுள்ள நிக்கல் உருக்காலைகள் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகின்றன.

எல்எஃப்பியில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. எளிதில் தீப்பிடிக்காது, பலமுறை சார்ஜ் ஏற்றினாலும் தாங்கும். நம் ஊர் வெயிலில் இது பெரிய விஷயம். டாடா நெக்ஸான் மின்காரில் இருப்பது இந்த வகைதான். கனம் கூடுதல் என்பது ஒரு குறை. விலையுயர்ந்த உலோகம் இல்லாததால் மறுசுழற்சி செய்பவருக்கு லாபம் சொற்பம் என்பது இன்னொன்று. பாஸ்பேட்டுக்கு உரத்தொழிலும் போட்டி போடுகிறது. இந்தியா அதைப் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் சீனா. அமெரிக்காவில் விஞ்ஞானி ஜான் குட்எனஃப்பின் ஆய்வுக்கூடத்தில் 1990களில் பிறந்த எல்எஃப்பி கலவையை இன்று ஏறக்குறைய முழுவதும் தயாரிப்பது அந்த ஒரு நாடுதான். 2025 ஜூலையில் அந்தத் தொழில்நுட்பம் வெளியே போவதற்கும் கட்டுப்பாடு போட்டுவிட்டது.

அப்படியிருந்தும் என் ஓட்டு எல்எஃப்பிக்கே. காங்கோவின் கோபால்ட் படிவத்தை எந்த அரசாலும் தன் நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் பேட்டரியின் நேர்முனையான கேத்தோடைத் தயாரிக்கும் ஆலையைப் பணமும் பொறியாளர்களும் பத்தாண்டுப் பொறுமையும் இருந்தால் இங்கேயே கட்டலாம். லித்தியமே வேண்டாத சோடியம் அயனி பேட்டரியும் வந்துகொண்டிருக்கிறது. அது எல்எஃப்பியைவிடக் கனம் என்பதால், காரில் பொருத்துவதற்கு முன் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையங்களில் போட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே கனம் ஒரு பொருட்டில்லை.