இரணைமடுவா, முல்லைத்தீவுக் கடற்கரையா?

கூட்டாளிமாரோடு வட இலங்கையின் வன்னியில் கூடாரம் அடிக்க நினைத்தால், பேச்சு கடைசியில் இந்த இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும்.

இரணைமடு, கண்டி–யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதிக்குக் கிட்ட. கனகராயன் ஆறு நிரப்பும் குளம், 1902இல் கட்டத் தொடங்கியது. மாரி முடிந்த கையோடு தை, மாசியில் போனால் தண்ணீர் முட்ட நிற்கும், பறவைகளும் இருக்கும். குளத்து மீன் வாங்கிச் சுடலாம். சிக்கல் யானைதான்: ஊர்ச்சனம் காட்டும் இடத்தில் மட்டும் படுங்கோ.

முல்லைத்தீவுக்கு மாங்குளத்தில் திரும்ப வேண்டும். வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில். பிறகு நந்திக்கடல் களப்பு ஓரம் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். அந்த நாட்களில் கூடாரத்தை மறந்துவிடுங்கோ, அவ்வளவு சனம். 2009இல் போரின் கடைசியில் சனம் பட்டதெல்லாம் அந்தக் கரையில்தான், அங்கே பாட்டுப்பெட்டி வேண்டாம். கடற்கரை மணலில் கூடார முளை பிடிக்காது, குடிதண்ணீரும் கொண்டுபோக வேண்டும். வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில் கடல் பொல்லாதது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அடங்கிக் கிடக்கும்.

சும்மா படுத்துக் கிடக்க இரணைமடு. ஊர் பார்க்க வந்தவர்களை நான் முல்லைத்தீவுக்கே அனுப்புவேன். எங்கே போனாலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் விறகு பொறுக்கக்கூட உள்ளே இறங்கக்கூடாது.