பழைய மாவு மிக்ஸர் வாங்கப் போகிறீர்களா? கையோடு மாவும் கொண்டு போங்கள்

வீட்டிலேயே ரொட்டி சுடும் ஆசையில், மாவு பிசைய ஒரு பழைய ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கி ஏமாந்துவிட்டேன். இன்னொருவரும் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விற்றவர் தன்மையாகத்தான் பேசினார். "வருஷத்துக்கு நாலைந்து தடவை கேக் செய்ய எடுப்போம், அவ்வளவுதான்" என்றார். மிக்ஸரும் துடைத்து வைத்துப் பளபளவென்று இருந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் கிரீம் ஊற்றி அடித்துக் காட்டினார். வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், துளி சத்தம் இல்லை. மாவு பிசையும் கொக்கியான ஹூக்கை மாட்டி, பிசைந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "இப்போ வீட்டில் மாவு இல்லை, அதெல்லாம் நல்லாப் பிசையும்" என்றார். அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டுத் தூக்கி வந்தேன்.

மறுநாள் 500 கிராம் மாவு, 300 மில்லி தண்ணீர், ஈஸ்ட், உப்பு போட்டு, குறைந்த வேகத்தில்தான் ஓடவிட்டேன். மூன்றாவது நிமிடம் கடகடவென்று ஒரு சத்தம். அப்புறம் மோட்டார் ஓடுகிறது, ஹூக் மட்டும் மாவுக்குள் அப்படியே நிற்கிறது.

மெக்கானிக் தலைப்பகுதியைத் திறந்து காட்டினார். ஒரு பல்சக்கரத்தில் பற்கள் பாதிக்கு மேல் தேய்ந்து மழுங்கிக் கிடந்தன. அதன் மேல் புது கிரீஸை வழிய வழிய அப்பியிருந்தார்கள். பாரம் இல்லாதபோது அந்த கிரீஸ் சத்தத்தை அமுக்கிவிடுமாம். கிரீம் அடிப்பதில் பாரமே கிடையாது. ரொட்டி மாவோ பிசையப் பிசைய இறுகி ஹூக்கைப் பிடித்து இழுக்கும். சில மிக்ஸர்களில் மோட்டார் கெடாமல் இருக்கவே ஒரு பல்சக்கரத்தை மென்மையான பொருளில் செய்திருப்பார்கள். அது தேய்வதில் தப்பில்லை, மாற்றிக்கொள்ளலாம். தெரிந்தே மறைத்து விற்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போன் செய்தேன். "எங்களிடம் இருந்தவரை ஓடியதே" என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

பார்க்கப் போகும்போது அரை கிலோ மாவைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயே பத்து நிமிடம் பிசையவிட்டு, தலைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடோ கருகல் வாசனையோ வந்தால் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹூக்கை ஆட்டிப் பாருங்கள், லொடலொடக்கக் கூடாது. அடியில் உள்ள தகட்டில் வோல்ட்டேஜையும் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் மிக்ஸரை 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

பழைய ஓவன் என்றால் டயலை நம்பாதீர்கள். உள்ளே ஓவன் தெர்மாமீட்டர் வைத்து, 230 டிகிரிக்குத் திருப்பி அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள். ரொட்டி சுடப் பழைய வார்ப்பிரும்புப் பாத்திரம் வாங்கினால், அதில் துரு இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம், விரிசலை ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, பணம் கொடுக்கும் முன்பே மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். என்னுடையது உற்பத்தி நின்றுபோன மாடல். அந்த ஒரு பல்சக்கரத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை.