பழைய துணியா, சர்ப்ளஸா?

திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பழைய துணி எடுக்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள் முகமே மாறிவிடும். "ஏனுங் கண்ணு, காதர்பேட்டைல புதுசே குவிஞ்சு கெடக்குது. யாரு போட்டதோ, அதப் போயி எடுக்கோணுமா?" என்று, திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையைக் காட்டி என் அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர்களில் பழைய துணிக்கு உண்மையான போட்டி பெரிய ஜவுளிக்கடை இல்லை, சர்ப்ளஸும் செகண்ட்ஸும்தான்.

ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியதும் ரத்தானதும் சர்ப்ளஸ். ஊசி ஓட்டை, சாயத்திட்டு, அளவு பிசகு என்று கழித்துப் போட்டது செகண்ட்ஸ். நல்ல லாட் மாட்டினால் அதற்கு ஈடே கிடையாது. 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள பனியன் துணியை இரண்டு விரலில் பிடித்தாலே கனம் தெரியும். ஆனால் அது இன்னும் தண்ணீர் பார்க்காத துணி. போன வருஷம் பையனுக்கு நான்கு டீ ஷர்ட் எடுத்தேன். மூன்றாவது துவைப்பில் இரண்டு முறுக்கிக்கொண்டன. பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிட்டது.

பழைய துணி தன் குணத்தை ஏற்கெனவே காட்டிவிட்டது. சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போயிருக்கும். சந்தையில் தார்ப்பாயில் குவித்திருப்பதில் ஒரு சட்டையை எடுத்தால் முதலில் காலர் மடிப்பைப் பார்க்கிறேன். அடுத்து உள்பக்கம் திருப்பி அக்குள் தையல். கடைசியாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் தானாகத் தெரியும். இந்த மூன்றிலும் தேறிய சட்டை வருஷக்கணக்கில் உழைக்கிறது.

சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. புதிதாகச் சாயம் கேட்காத துணி என்பதால் எனக்குப் பழசின் மேல் பிரியம் உண்டு. சர்ப்ளஸும் ஏற்கெனவே சாயம் ஏறியதுதானே என்றால், ஆமாம், அந்தக் கணக்கில் இரண்டும் சமம்தான்.

'யாரு போட்டதோ' என்ற கூச்சத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் புதுசுதான். ஆனால் பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணியைத்தானே போடுகிறோம்? தூளி கட்டுவதும் துவைத்துத் துவைத்துப் பூவாய்ப் போன நூல் சேலையில்தான்.

ஆக, பனியனும் நைட் பேண்ட்டும் காதர்பேட்டையில். பள்ளிச் சீருடை, காட்டன் சட்டை, ஒரே ஒரு கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்பாவாடை எல்லாம் பழசில். பட்டுப்பாவாடை எடுக்கும்போது ரவிக்கையின் உள்பக்கம் பாருங்கள். வளரும் பிள்ளைக்கென்று டெய்லர் மடித்து விட்ட துணி பிரிக்காமல் அப்படியே இருந்தால், யோசிக்காமல் எடுத்துவிடலாம்.