கண்ணீர்ப்பை அடைப்பு: பையை எடுப்பதா, புது வழி திறப்பதா?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கண்புரை முகாமுக்கு வருகிறவர்களில் சிலரை மட்டும் தனியாக உட்கார வைப்பார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே விரலால் அழுத்தினால் சீழ் வரும். இமையோரக் கண்ணீர்த் துளையில் சிரிஞ்சால் விட்ட தண்ணீர் தொண்டைக்கு இறங்காமல் கண் வழியாகவே திரும்பும். கண்ணீர்ப்பையில் கிருமி இருக்கும்போது புரையை எடுத்தால், அது கண்ணுக்குள் போய்ப் பார்வையையே கெடுத்துவிடலாம். அதனால் முதலில் பையைக் கவனித்தாக வேண்டும்.

இமைகளின் உள்முனையில் இரண்டு சின்னத் துளைகள் உண்டு. அவற்றின் வழியே கண்ணீர் பைக்குப் போய், அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. பெரும்பாலும் அடைபடுவது அந்தக் கீழ்க்குழாய்தான். நடுவயதுப் பெண்களிடம் இது அதிகம்.

டி.சி.டி. என்றால் பையையே எடுத்துவிடுவது. சீக்கிரம் முடியும், எலும்பைத் தொட வேண்டியதில்லை, சீழும் நின்றுவிடும். ஆனால் கண்ணீர் போக வழி இல்லாததால் நீர் வடிவது நிற்காது. இதை ஆபரேஷனுக்கு முன்பே அழுத்திச் சொல்ல வேண்டும், பல நேரம் யாரும் சொல்வதில்லை. தள்ளாத வயதுக்காரர்களுக்கும், கண்ணீர் சுரப்பே குறைந்து கண் உலர்ந்தவர்களுக்கும் டி.சி.டி. போதும். நாற்று நடப் போகும் ஐம்பது வயது அம்மாவுக்கு, புரை சீக்கிரம் முடியட்டும் என்பதற்காக இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

டி.சி.ஆர். என்பது வாய்க்கால் தூர்ந்த இடத்தில் பக்கவாட்டில் புது வடிகால் வெட்டுவது மாதிரி. மூக்கோரத் தோலைக் கீறி, அங்கே ஓடும் ரத்தநாளத்தை ஒதுக்கி, பையை அதன் எலும்புப் பள்ளத்திலிருந்து விலக்குவார்கள். பள்ளத்தின் பின்பாதி எலும்பு காகிதம்போல மெல்லியது. அங்கே தொடங்கி முன்பக்கத் தடித்த எலும்பையும் கொஞ்சம் எடுத்து, பையை நேரே மூக்கின் உள்தோலோடு இணைத்துவிடுவார்கள். இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904இல் சொன்ன முறை இது. பழகிய கையில் பத்தில் ஒன்பது பேருக்காவது சரியாகிறது. மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம். சின்னத் தழும்பு இருக்கும், நாளாக மங்கிவிடும்.

எண்டோஸ்கோப்பியில் இதையே மூக்கு வழியாகச் செய்கிறார்கள். தழும்பு கிடையாது. கண் சிமிட்டும்போது கண்ணீரை உள்ளே இழுக்கும் இமைத்தசையும் கீறல் படாமல் தப்பும். ஆனால் மூக்குத் தண்டு வளைந்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டிவரும்; கருவியும் பழகிய மருத்துவரும் வேண்டும். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருந்து சீழோடு நாள் கடத்த வேண்டாம், வெளிக்கீறல் டி.சி.ஆரே போதும்.

நாள் குறிப்பவர்கள் தை அறுவடை முடிந்து, குறுவைக்கு முன்னால் உள்ள மாதங்களைப் பார்க்கலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, நெல் தூசியும் சேற்றுத் தண்ணீரும் படக் கூடாது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பை சிவந்து வீங்கி வலித்தால் முதலில் ஆன்டிபயாடிக், அப்புறம்தான் ஆபரேஷன். புண் ஆறி, டி.சி.ஆர். என்றால் சிரிஞ்சில் விட்ட தண்ணீர் தொண்டைக்கு இறங்குவதும் உறுதியான பிறகு புரைக்குத் தேதி வாங்கலாம்.